காவடிக் கூடாரத்தில் நம் பிள்ளைகளுக்கும் இடம் கொடுங்கள்

சாட்ஸ்வொர்த் கோயில் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

டர்பன் அரசு மருத்துவமனை வார்டுகளில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். தைப்பூசக் காவடியன்று நாம் போடும் முதலுதவிக் கூடாரத்தில் நம் பள்ளிப் பிள்ளைகளையும் துணைக்கு நிறுத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

பிள்ளை மெட்ரிக்கில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வில், நல்ல மதிப்பெண் வாங்கினால் நம் வீடுகளில் அடுத்த பேச்சு டாக்டர் படிப்புதான். நம் தென்னாப்பிரிக்காவில் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு மருத்துவக் கல்லூரியில் சேரலாம். 6 ஆண்டு படிப்பு, 2 ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி, பிறகு ஓராண்டு சமூக சேவை. ஒரு நோயாளியின் பக்கத்தில் அரை மணி நேரம்கூட உட்கார்ந்து பாராமல் பதினேழு வயதில் இத்தனை ஆண்டுகளை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

என் அக்காள் மகளும் அப்படித்தான் போனாள். வார்டுக்குள் காலெடுத்து வைத்த பிறகுதான் தனக்கு இது ஒத்துவராது என்று அவளுக்குத் தெரிந்தது, பாதியில் விட்டுவிட்டாள். அதே வேலையில் இருந்த நான் அவளை ஒருநாள்கூட நோயாளிகளிடம் அழைத்துப் போகவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சென்ற தைப்பூசத்தன்று முதலுதவிக் கூடாரத்தில் பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் எனக்குத் துணையாக நின்றான். சர்க்கரை நோயுள்ள ஒரு பாட்டி, விரதம் என்று வெறும் வயிற்றில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்து வந்து, தலைசுற்றிச் சாய்ந்தார். நினைவு தப்பவில்லை. விரலில் குத்தி இரத்தச் சர்க்கரையைப் பார்த்தேன்: லிட்டருக்கு 2.9 மில்லிமோல், மிகவும் குறைவு. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை அவன் பாட்டியின் சில்லிட்ட கையை விடவில்லை. வேர்வையில் கரைந்த விபூதி கண்ணில் இறங்கியபோது தன் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தான். யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

ஆண்டுதோறும் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரையாவது அந்தக் கூடாரத்தில் நிறுத்துங்கள். குளிர்கால விடுமுறையில் முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போங்கள். சோறு ஊட்டட்டும், கைபிடித்து நடத்தட்டும். ஊசி போடுவதும் புண்ணுக்குக் கட்டுப்போடுவதும் அவர்கள் வேலையல்ல. நோயாளியின் சம்மதம் இல்லாமல் பக்கத்தில் நிற்கக் கூடாது. படம் எடுக்கவே கூடாது. காதில் விழுந்ததை வெளியே பேசக் கூடாது. சூலு மொழியையும் இப்போதே பேசிப் பழகட்டும். நாளை இந்தப் பகுதியில் அவர்களிடம் வரும் நோயாளிகளில் பெரும்பாலோர் பேசப்போவது அதுதான்.

அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். பிள்ளைகளுடன் கூடவே நின்று பார்த்துக்கொள்ள ஓய்வுபெற்ற செவிலியர்கள் ஐந்து பேர் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கூடாரத்துச் செவிலியர்