படகு எரிந்தால் கேப்டன் மட்டும்தான் பொறுப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கடல் சுற்றுலா பற்றி வந்த கட்டுரையில், படகில் தீப்பிடித்தால் கேப்டன்தான் பொறுப்பு என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். கலிபோர்னியாவில் வென்சுரா பக்கம் குடியிருக்கும் எனக்கு அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் கடற்கரைக்கு எதிரே, சாண்டா குரூஸ் தீவையொட்டி நங்கூரமிட்டிருந்த ‘கன்செப்ஷன்’ படகு 2019 செப்டம்பர் 2 அதிகாலையில் எரிந்தது. 34 பேர் இறந்தார்கள்.

அது ஸ்கூபா டைவிங் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் 75 அடிப் படகு. 33 பயணிகளும் ஒரு சிப்பந்தியும் அடித்தளத்தில் அடுக்குக் கட்டில்களில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வெளியேற இரண்டு வழிகள் உண்டு: ஒன்று படிக்கட்டு, இன்னொன்று ஒரு கட்டிலுக்கு மேலே கூரையில் விட்டிருந்த சிறு திறப்பு. இரண்டில் எதில் ஏறினாலும் மேலே இருந்த அதே கூடத்துக்குத்தான் போக வேண்டும். கேமரா, செல்போன் பேட்டரிகளை சார்ஜ் போடுவதும் அங்கேதான்; தீப்பிடித்ததும் அங்கேதான். எதனால் பிடித்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாதபடி எல்லாம் எரிந்துபோனது. மேல்தளத்தில் தூங்கிய கேப்டனும் நான்கு சிப்பந்திகளும் கடலில் குதித்துப் பிழைத்தார்கள். இரவில் ஒருவர் விழித்திருந்து சுற்றிவர வேண்டும் என்பது அந்தப் படகின் சான்றிதழிலேயே இருந்த நிபந்தனை. அன்று யாரும் விழித்திருக்கவில்லை.

கேப்டன் மீதான குற்றம் 2023 நவம்பரில் நிரூபணமானது. 2024 மே மாதம் நான்கு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. சரி, அது நியாயம்தான். ஆனால் விபத்தை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2020-லேயே சொன்னது, படகு நிறுவனம் தன் படகுகளைச் சரியாக மேற்பார்வை செய்யாததுதான் காரணம் என்று. உரிமையாளர்கள் மீது குற்ற வழக்கே போடப்படவில்லை.

இழப்பீட்டு விஷயம் இதைவிடக் கொடுமை. தீப்பிடித்து மூன்றாவது நாள், கடலில் உடல் தேடும் வேலைகூட முடியாத நிலையில், உரிமையாளர்கள் நீதிமன்றத்துக்குப் போய்விட்டார்கள். கையில் எடுத்தது 1851-ஆம் ஆண்டுச் சட்டம். விபத்துக்குக் காரணமான தவறு தனக்குத் தெரியாது, அதில் தனக்குப் பங்கில்லை என்று உரிமையாளர் நிரூபித்துவிட்டால், விபத்துக்குப் பிறகு கப்பல் என்ன விலை பெறுமோ அதற்கு மேல் அவர் கொடுக்க வேண்டியதில்லை என்கிறது அது. எரிந்து மூழ்கிய படகு என்ன விலை பெறும்? பூஜ்யம் என்றார்கள். டைட்டானிக் முதலாளிகளும் அமெரிக்க நீதிமன்றத்தில் இதே சட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அந்த வழக்கிலாவது மிஞ்சிய உயிர்காப்புப் படகுகளின் விலை கணக்கில் வந்தது.

கரையை விட்டால் கப்பலைப் பற்றி மாதக்கணக்கில் தகவலே வராத காலத்தில் எழுதிய சட்டம் அது. அந்தக் காலத்து முதலாளி ‘எனக்குத் தெரியாது’ என்று சொன்னால் நம்பலாம். மூன்று நாள் பயணத்துக்குக் கரையோரமாகப் போய்த் திரும்பும் படகின் முதலாளி, தன் படகில் இரவுக் காவல் உண்டா இல்லையா என்று தெரியாது என்றால் எப்படி ஏற்பது? தெரியாமல் இருந்ததே தவறில்லையா? பிள்ளையையோ துணையையோ இழந்தவர்கள் இந்த ஒரு கேள்விக்காக வழக்கறிஞர் வைத்துப் போராட வேண்டியிருந்தது. தப்பியவர்களில் கால் எலும்பு முறிந்த ஒரு சிப்பந்தியும் வழக்குப் போட்டார். கப்பல் ஊழியர்கள் காயமடைந்தால் வேலை கொடுத்தவர் மீது வழக்குத் தொடர 1920-ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டம் தனியாக வழி தருகிறது. பயணிகளுக்கு அந்த வழி கிடையாது. அவர்கள் பொதுவான கடல்சார் சட்டப்படி அலட்சியத்தை நிரூபித்தாக வேண்டும்.

குடும்பங்கள் ஓயாமல் குரல் கொடுத்ததால் 2022 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. சிறிய பயணிகள் படகுகளின் முதலாளிகள் இனி அந்த 1851 கணக்கைக் காட்டித் தப்ப முடியாது. ஒன்றோடொன்று இணைந்த புகை எச்சரிக்கைக் கருவிகள், அடைபடாத இரண்டு வெளியேறும் வழிகள், இரவுக் காவலைக் கண்காணிக்கும் கருவி என்று கடலோரக் காவல்படையும் புது விதிகள் கொண்டுவந்தது. ஆனால் போராடி அதை வாங்கித் தந்த குடும்பங்களுக்கே சட்டத் திருத்தம் பொருந்தாது, முன்தேதியிட்டு அமலாக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

அதனால் அந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அப்புறம் இன்னொன்று. இந்தியாவின் வணிகக் கப்பல் சட்டத்திலும் உரிமையாளரின் பொறுப்புக்கு வரம்பு உண்டு. விடுமுறைக்கு ஆலப்புழை போய்ப் படகுவீட்டில் இரவு தங்கும் நம்மவர்கள் எத்தனையோ பேர். அங்கே தீப்பிடித்துக் காயம்பட்டால் யாரிடம், எந்தச் சட்டப்படி, எவ்வளவு காலத்துக்குள் இழப்பீடு கேட்க வேண்டும் என்று கடல்சார் சட்டம் தெரிந்த ஒருவரை உங்கள் இதழில் எழுத வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வென்சுரா, கலிபோர்னியா