பி5-இல் ஒரு குதிரை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய சதுரங்க ஆட்டத்தை நேற்று ராத்திரி பலகையில் அடுக்கி இரண்டு தடவை ஆடிப் பார்த்தேன். "சிப்பாய்களை வரிசையாக நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொண்டான் அம்மா, உள்ளே நுழைய வழியே இல்லை" என்று எழுதியிருந்தாய். டிராவில் முடிந்த வருத்தம் எழுத்திலேயே தெரிந்தது. எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்தச் சுவரின் கடைசிக் கல்லை நீதான் வைத்தாய், கண்ணம்மா.

23-ஆவது நகர்த்தலுக்குப் போ. வழக்கம்போல எழுத்து நெட்டு வரிசைக்கு, எண் உன் பக்கத்திலிருந்து எத்தனையாவது கட்டம் என்பதற்கு. உன் சிப்பாய்கள் ஏ4, பி4, சி5, டி4. அவனுடையவை ஏ6, பி5, சி6, டி5. அந்தப் பக்கம் முழுவதிலும் உரசல் ஒரே இடத்தில்தான் இருந்தது: உன் ஏ4-உம் அவன் பி5-உம் ஒன்றையொன்று வெட்டலாம். அந்த உரசலைப் பொறுக்காமல் ஏ5 தள்ளிவிட்டாய். இடம் பிடித்த மாதிரி இருந்திருக்கும். ஆனால் எட்டுச் சிப்பாய்களும் தலையோடு தலை முட்டி நின்றுவிட்டன. சிப்பாய்க்குப் பின்னால் வரத் தெரியாது.

அவன் ஏ4-ஐ வெட்டிவிடுவானோ என்று பயந்தாயா? வெட்டட்டுமே. யானையால் திருப்பி வெட்டியிருந்தால், ஏ6-இல் அவன் சிப்பாய் துணையில்லாமல் தனியாக மாட்டியிருக்கும். நீ செய்திருக்க வேண்டியது, உரசலை அப்படியே விட்டுவிட்டு ஒரு யானையை ஏ2-இலும் இன்னொன்றை ஏ1-இலும் நிறுத்துவது. கதவு எப்போது திறக்கும் என்பது உன் கையில் இருக்கும். அவன் ஒவ்வொரு நகர்த்தலிலும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

1974-இல் பிரான்ஸின் நைஸ் நகரில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில், மேற்கு ஜெர்மனியின் உன்சிக்கருக்கு எதிராக, பின்னாளில் உலக சாம்பியனான கார்போவ் ஆடியதை ஒரு தடவை எடுத்துப் பார். ஏ வரிசை திறந்தே கிடந்தது. யானைக்கு யானை வெட்டி மாற்றிக்கொண்டால் கறுப்பில் ஆடிய உன்சிக்கருக்கு மூச்சு வரும். கார்போவ் தன் பிஷப்பை ஏ7-இல் கொண்டுபோய் வைத்து, திறந்த வரிசையைத் தானே அடைத்தார்! அதன் மறைவில் யானைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினார். பிஷப் நகர்ந்தால் வரிசை திறந்துவிடும் என்பதால் உன்சிக்கர் அந்தப் பக்கத்தை விட்டு வர முடியவில்லை. அவர் அங்கே காவல் இருக்கும்போதே மறுபக்கத்தில் எஃப் சிப்பாயைத் தள்ளி உள்ளே புகுந்தார் கார்போவ். 44-ஆவது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்தப் பிஷப் நகர்த்தலில் என் கை நின்றுவிடும்.

சரி, ஏ5 போட்டாயிற்று. அதன் பிறகும் வழி இருந்தது என்பதுதான் ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை.

உனக்கு எட்டு வயது இருக்கும்போது மூன்றுக்கு மூன்று சிப்பாய் ஆட்டம் ஆடுவோமே, நினைவிருக்கிறதா? உனக்கு ஏ5, பி5, சி5. எனக்கு ஏ7, பி7, சி7. ராஜாக்கள் தூரத்தில். உன் முறை. நடுச் சிப்பாயின் தலையைப் பிடித்து பி6-க்குத் தள்ளிவிட்டு, விரலை எடுக்காமல் என் முகத்தையே பார்ப்பாய். நான் ஏ சிப்பாயால் வெட்டினால் நீ சி6. சி சிப்பாயால் வெட்டினால் ஏ6. அதையும் நான் வெட்டினால் மிஞ்சிய ஒன்று கடைசிக் கட்டம்வரை ஓடிப்போய் ராணியாகிவிடும். என் முறையாக இருந்தால் நான் முந்திக்கொண்டு பி6 போட வேண்டும், அது ஒன்றுதான் என்னைக் காப்பாற்றும்.

இப்போது உன் ஆட்டத்தில் 41-ஆவது நகர்த்தலைப் பார். உன் குதிரை சி3-இல். அவன் ராஜா ஜி7-இல், சிப்பாய்களைத் தவிர அவனுக்கு மிஞ்சிய ஒரே காயான குதிரை எச்7-இல். குதிரையால் பி5-ஐ வெட்டு! ஏ சிப்பாயால் திருப்பி வெட்டினால் ஏ6, சி சிப்பாயால் வெட்டினால் சி6. இரண்டில் எது ஓடினாலும் அவன் ராஜாவும் எட்டாது, குதிரையும் எட்டாது. கட்டங்களை விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன். ராஜா எஃப்7-இல் இருந்திருந்தால் சி சிப்பாயைப் பிடித்திருப்பான், அப்போது இந்தப் பலி வீண். ஜி7-இல் இருந்தான்.

நீ அந்த இடத்தில் பதினோரு நிமிடம் யோசித்ததாக எழுதியிருக்கிறாய். குதிரைக்கு மூன்று புள்ளி, சிப்பாய்க்கு ஒரு புள்ளி என்ற மதிப்புக் கணக்குதான் குறுக்கே வந்திருக்கும். ராணியாக இரண்டே அடி மிச்சமிருக்கிற சிப்பாயை அந்தக் கணக்கில் சேர்க்காதே அம்மா.

பலகையைக் கலைக்கவில்லை. அந்த நிலையிலேயே மேஜைமேல் இருக்கிறது. பி5-இல் நிற்கும் குதிரையை அவன் வெட்டாமல் விட்டால் அது அடுத்து எங்கே தாவ வேண்டும், எந்தச் சிப்பாயைக் குறிவைத்து? நான் ஒன்று கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். நீ போன் பண்ணும்போது முதலில் உன் பதிலைச் சொல்.

அன்புடன்,
அம்மா