கனவு இல்லமும் நான்கு அலுவலகங்களும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2030க்குள் குடிசையில்லாத் தமிழகம் என்ற இலக்கோடு 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். 360 சதுர அடி வீடு. நல்ல திட்டம், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு வீடு எழும்ப எத்தனை கைகள் சேர வேண்டியிருக்கிறது!

வீடு தருவது ஊரக வளர்ச்சித் துறை, பட்டா தருவது வருவாய்த் துறை. தகுதி எல்லாம் இருந்தும் பட்டா இல்லாமல் பட்டியலுக்கு வெளியே நிற்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. சரி, பட்டா இருக்கிறது, வேலை உத்தரவும் வந்துவிட்டது என்றால், இருக்கிற குடிசையைப் பிரித்தாக வேண்டும். குடிசைக்கான இலவச மின் இணைப்பு கான்கிரீட் வீட்டுக்குச் செல்லாது, வீட்டு இணைப்பாக மாற்ற மின்வாரியத்துக்கும் நடக்க வேண்டும். அடித்தளம் முடிந்து ஓவர்சியர் வந்து படம் எடுத்தால்தான் முதல் தவணை. அதுவரை கொத்தனார் கூலிக்கு யாரிடம் கைநீட்டுவது? பெரும்பாலும் வட்டிக்காரரிடம்தான்.

வேலை உத்தரவு கொடுக்கும் நாளிலேயே கிராம நிர்வாக அலுவலர், ஓவர்சியர், மின்வாரிய ஊழியர், ஊராட்சிச் செயலர் நால்வரையும் ஊராட்சி அலுவலகத்தில் ஒரே மேசையில் உட்கார வைக்கலாம். அந்த ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவையும் அழைத்தால் முதல் தவணை வரும்வரை குறைந்த வட்டியில் கைமாற்றுக்கு வழி பிறக்கும். இதற்குத் தனி நிதி எதுவும் தேவையில்லை, மாவட்ட ஆட்சியரின் ஒரு சுற்றறிக்கை போதும்.

இப்படிக்கு,
வாசகர், திருவாரூர் மாவட்டம்