நிக்கல் வினையூக்கியின் நிலைப்புத்தன்மையைச் சமநிலையில் அளக்க வேண்டாம்

வினையூக்கவியல் ஆய்விதழ்களின் ஆசிரியர் குழுவினருக்கும் கட்டுரை மதிப்பீட்டாளர்களுக்கும் வணக்கம்.

மீத்தேனையும் கார்பன் டை ஆக்சைடையும் வினைபுரியச் செய்து, ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த தொகுப்பு வாயுவாக மாற்றும் உலர் சீர்திருத்த வினையை ஃபிஷரும் டிராப்ஷும் 1928-இலேயே ஆராய்ந்தார்கள். இத்தனை காலம் கடந்தும் அது தொழிற்சாலைகளில் பரவலாக வேரூன்றாததற்கு, மோலுக்கு 247 கிலோஜூல் வெப்பத்தை அது விழுங்குவது ஒரு காரணம். அதை வேகப்படுத்தும் வினையூக்கியான நிக்கல், கரி படிந்தும் துகள்கள் பருத்தும் கெட்டு, நீடித்து உழைக்காதது மற்றொன்று. ரோடியமும் ருத்தேனியமும் கரியை எளிதில் சேர்ப்பதில்லை என்றாலும், அவற்றின் விலை நம்மைத் திரும்பத் திரும்ப நிக்கலிடமே கொண்டுவருகிறது. ஆகவே நிக்கலை நீடிக்கச் செய்ததாகக் கூறும் ஒவ்வொரு கட்டுரையையும் ஆவலோடு படிக்கிறேன். பலவற்றில் அந்தக் கூற்றுக்கான சான்றே இல்லாதது வருத்தமளிக்கிறது.

மாற்ற விகிதம் (உள்ளே செல்லும் வாயுவில் வினைபுரிந்து மாறும் பங்கு) வெப்பவியக்கச் சமநிலையை, அதாவது அந்த வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் வினை எட்டக்கூடிய உச்ச வரம்பை, தொட்டபடி நூறு மணி நேரம் கிடைக்கோடாகச் செல்லும் வரைபடத்தையே சான்றாகக் காட்டுகிறார்கள். தேவையைப் போலப் பத்து மடங்கு வினையூக்கியை வினைகலனில் நிரப்பியிருந்தால், அதில் பெரும்பகுதி செயலிழந்த பின்னும் வெளிவரும் வாயுவின் இயைபு ஏறத்தாழ மாறாமலே இருக்கும். வாயுவின் ஓட்டத்தைக் கூட்டி, மாற்ற விகிதத்தைச் சமநிலைக்கு வெகு கீழே வைத்து அளக்கும்போதுதான் சிதைவின் வேகம் கண்ணுக்குத் தெரியும். இதைச் செய்யப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை என்பதால், செய்யாமைக்குச் சாக்கும் இல்லை.

அழுத்தத்தின் விஷயம் இதைவிடக் கடினமானது. இரண்டு மூலக்கூறுகள் நான்காகப் பெருகும் இவ்வினைக்குக் குறைந்த அழுத்தமே சாதகம். ஆனால் மெத்தனால் தயாரிப்பு போன்ற அடுத்த கட்டங்களுக்கு உயர் அழுத்தத்தில் வாயு தேவை. அழுத்தம் கூடும்போது, கார்பன் மோனாக்சைடு சிதைந்து கரியைத் தரும் பூடுவார் வினையும் வலுக்கிறது. வளிமண்டல அழுத்தத்தில், ஹீலியமோ நைட்ரஜனோ கலந்து நீர்த்த வாயுவில் பெற்ற முடிவை உயர் அழுத்தத்துக்கு அப்படியே பொருத்த முடியாது.

கரியின் எடையை மட்டும் கூறுவதும் போதாது. இழையாக வளரும் கரி நிக்கல் துகளைத் தன் நுனியில் சுமந்து செல்வதால் செயல்திறன் சில காலம் குறையாமல் இருக்கலாம். அதற்குள் அது வினையூக்கி உருண்டைகளை நொறுக்கி வாயுவின் பாதையை அடைத்துவிடும். துகள்களை மூடிக்கொள்ளும் கரி வேறு வகையான கேடு. இன்னொரு புறம், நிக்கலின் தம்மான் வெப்பநிலை (திண்மத்தின் அணுக்கள் இடம்பெயரத் தொடங்கும் வெப்பநிலை) 590 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இருக்க, வினையை 700 முதல் 900 டிகிரியில் நடத்துகிறோம்; துகள்கள் இணைந்து பருப்பதற்கு அது போதும், பருத்த துகள்களில் கரியும் எளிதாக வளரும். மெக்னீசியம் ஆக்சைடுடன் திடக்கரைசலாக்கி (ஒரே படிகத்தில் சீராகக் கலக்கச் செய்து) நிக்கலைச் சிதறலாகப் பிணைப்பதும், சீரியம் ஆக்சைடின் ஆக்சிஜனைக் கொண்டு கரியை எரிப்பதும் நல்ல வழிகள் என்றே கருதுகிறேன். அவற்றுள் எது எந்தக் கேட்டைத் தடுத்தது என்பதைச் சோதனைக்கு முன்னும் பின்னும் எடுத்த துகள் அளவுகளும் கரியின் வகையும் சேர்ந்தே சொல்ல முடியும்.

எனவே, சமநிலை மாற்ற விகிதம் ஒவ்வொரு வரைபடத்திலும் குறிக்கப்பட வேண்டும் என்பதையும், நிலைப்புத்தன்மை அதற்குக் கீழே அளக்கப்பட வேண்டும் என்பதையும் உங்கள் இதழ்களின் விதிகளில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். உயர் அழுத்தக் கருவி எல்லா ஆய்வகங்களிலும் இருக்காது. அது இல்லாதவர்கள் தொழிற்சாலைக்கு ஏற்றது என்ற முடிவுரையைத் தவிர்த்தால் போதும். நீண்ட நேரம் ஓட்டித் தோற்றுப்போன வினையூக்கிகளின் முழுத் தரவுகளுக்கும் தயவுசெய்து இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
நிக்கல் வினையூக்கிகளில் பணிபுரியும் ஓர் ஆய்வாளர்