கொம்பு தள்ளிப்போன மோதிரம்

கோயம்புத்தூர்
ஞாயிறு மதியம்

அன்புள்ள விஜி,

திட்டி முடித்துவிட்டு மேலே படி. எட்டு மாதமாகப் பதில் போடாதது தப்புதான். முட்டி வலி அப்படியே இருக்கிறது, மாடி வீட்டுக்காரரும் அப்படியே இருக்கிறார், இரண்டும் பழகிவிட்டன. பேரனின் மொட்டைப் படம் வந்தது. காது அச்சாக உன் மாமியார் காது. நான் சொன்னதாகச் சொல்லாதே.

கயலுக்குத் தை மாதம் கல்யாணம். பையன் பெயர் செந்தில். மற்றதெல்லாம் பத்திரிகையோடு நேரில் வந்து சொல்கிறேன். இந்தக் கடிதம் மோதிரத்தைப் பற்றி. சிரிக்காதே, கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்கப்போகிறேன்.

மாற்றிக்கொள்வதற்கு ஆளுக்கு அரைப் பவுனில் மோதிரம் வாங்கினோம். உள்பக்கம் அவள் மோதிரத்தில் அவன் பெயர், அவன் மோதிரத்தில் இவள் பெயர், தமிழில். கடையிலேயே மெஷின் இருக்கிறது, பத்து நிமிஷ வேலை என்றார்கள். முதலில் கயல் மோதிரத்தைக் கொடுத்தோம். திரும்பி வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கிறேன், ‘செ’வின் கொம்பு ‘ச’வைத் தாண்டிப் போய் அடுத்த எழுத்தின் வாசலில் நிற்கிறது. படித்தால் ‘சநெதில்’! கொம்பு எழுத்துக்கு முன்னால் வரவேண்டும் என்று அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை, தட்டிய வரிசையிலேயே வரைந்துவிட்டது. “உள்பக்கம்தானே மேடம், யாரு பார்க்கப்போறாங்க?” என்றான் கவுண்டரில் இருந்த பையன். முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவளிடம்!

அன்றைக்கு ராத்திரி தூக்கமில்லை. மறுநாள் காலையிலேயே ராஜ வீதிச் சந்தில் இருக்கும் பத்தரிடம் போனேன். சரஸ்வதி அக்காவுக்குத் தோடு செய்தாரே, அவர் மகன். லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, “அம்மணி, இது வெட்டே இல்லீங்க, வெறும் கீறல்” என்றார். அந்த மெஷினில் ஒரு வைர முனை இருக்கிறதாம். அது சுழலாது. தங்கத்தின் மேல் அழுத்தி இழுத்துக்கொண்டே போகும். தங்கம் வெளியே வராது, கோட்டின் இரண்டு பக்கமும் ஒதுங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். மென்மையான 22 காரட்டில் நாள்பட்ட தேய்மானத்துக்கு அது தாங்காது. எனக்கு அதுவே நல்லதாகப் போயிற்று. ஆழமில்லாததால் ராவி பாலிஷ் போட்டதும் ‘சநெதில்’ ஆவியாகிவிட்டான். உளியால் வெட்டியிருந்தால் பள்ளத்தை நிரப்பத் தங்கம் வைத்துப் பற்றவைக்க வேண்டியிருக்குமாம்.

பக்கத்திலேயே ஹால்மார்க் இருந்தது, அதைத் தொடாமல் ராவினார். 2023 ஏப்ரலிலிருந்து எழுத்தும் எண்ணுமாக ஆறு இலக்க அடையாளம் இல்லாத நகையைக் கடைக்காரர் விற்கக் கூடாது என்பது தெரியுமல்லவா? அதையே லேசரில்தான் போடுகிறார்கள். அரைப் பவுன் மோதிரத்தின் உள்பக்கம் இருக்கிற இடமே கொஞ்சம், அதிலும் அந்த முத்திரைகள் கொஞ்சம் பிடித்துக்கொள்கின்றன. நீ யாருக்காவது பெயர் போடப் போனால், முதலில் அது எங்கே இருக்கிறது என்று பார்.

கைவெட்டு எப்படி இருக்கும் என்று காட்டச் சொன்னேன். ஒரு பித்தளைத் தகட்டை அரக்கில் பதித்து, உளியை உள்ளங்கையில் வைத்துத் தள்ளினார். சீவல் சுருண்டு எழுந்து வந்தது, மாங்காய்த் தோல் மாதிரி. பள்ளத்தின் இரண்டு சரிவிலும் வெளிச்சம் பட்டு எழுத்து மின்னுகிறது. மெஷின் எழுத்துக்கு அந்த மினுக்கம் கிடையாது. ‘ழ’ வெட்டச் சொன்னேன். சுழியில் கையைத் திருப்பவில்லை, தகட்டைத்தான் திருப்பினார். ‘இ’யும் ‘ஞ’வும் வந்தால் கூலி கூடுதலா என்று கேட்டேன், சிரித்தார், பதில் சொல்லவில்லை. மோதிரத்தின் உள்வளைவுக்கு முனை வளைந்த உளி தனியாக வைத்திருக்கிறார். இந்த வேலைக்கு இப்போது ஆள் வருவதில்லையாம். அவர் பையன் ஐடி.

நான் வரலாறு படித்தவள், சும்மா இருப்பேனா? தாய்லாந்தில் குவான் லுக் பத் என்ற இடத்தில் பொற்கொல்லர் ஒருவரின் உரைகல் கிடைத்திருக்கிறது. ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ் பிராமியில் கீறியிருக்கிறது. கி.பி. மூன்று, நான்காம் நூற்றாண்டு. கடல் கடந்து போயும் கல் காணாமல் போய்விடக் கூடாது என்று பெயர் போட்டு வைத்திருக்கிறார், ஹாஸ்டலில் உன் டம்ளருக்குப் பேர் வெட்டி வாங்கினோமே அப்படி. (அந்த டம்ளர் என்னிடம் இல்லை. எத்தனை தடவை சொல்வது?)

லேசர் வேண்டவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆசிட்டால் எழுத்தை அரிப்பது வெள்ளிக்கும் செம்புக்கும் உள்ள வேலை, தங்கத்திடம் செல்லாது, ராஜ திராவகம்தான் தங்கத்தைக் கரைக்கும். அச்சு வைத்து அடித்தால் மெல்லிய மோதிரம் கோணிவிடும். ஆகவே கைவெட்டு என்று முடிவு செய்து கயலிடம் சொன்னேன். அவள், “என்னோடதுல வெட்டிக்கோம்மா. செந்தில் மோதிரத்துல என் பேரு மட்டும் லேசர்ல போடணும்” என்றாள். ஏன் என்று சண்டை பிடித்தேன். தங்கம் அந்த ஒளியைக் கண்ணாடி மாதிரித் திருப்பி அனுப்பும், சூட்டையும் இழுத்துப் பரப்பிவிடும், ஒரே கோட்டில் பல தடவை ஓட்டினால்தான் ஆழம் கிடைக்கும், பேருக்கு ஒரு தடவை ஓட்டிக் கொடுத்தால் பாலிஷிலேயே போய்விடும் என்று, பத்தரிடம் கேட்டதையெல்லாம் அவளிடம் ஒப்பித்தேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். அப்புறம், “கையெழுத்தை அப்படியே எடுக்கிறது லேசர்தான். எனக்கு அப்பா எழுதின என் பேரு வேணும்” என்றாள்.

அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது விஜி. நான் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

பீரோவைக் கவிழ்த்துத் தேடிவிட்டேன். பேங்க் உத்தியோகம், எழுதியதெல்லாம் இங்கிலீஷ். பள்ளிக்கூட ஃபாரம், எல்ஐசி, டைரி எல்லாமே. தமிழில் கிடைத்தது ஒரு பால் கணக்கும் பிளம்பர் பெயரும்தான். பெற்ற பெண்ணின் பெயரைத் தமிழில் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு இல்லை வீட்டில். நேற்று விடிகாலை நினைவு வந்தது: அவள் பிறந்தபோது நான் ஆஸ்பத்திரியில் கிடந்ததால், உனக்கு இன்லண்ட் போட்டது அவர். பெயரை முடிவு செய்ததே அந்தக் கடிதத்தில்தான் என்று நீ கிண்டல் செய்வாயே.

நீ எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. அந்த டிரங்குப் பெட்டியில் பார். கிடைத்தால் ஃபோனில் படம் எடுத்து அனுப்பாதே. நீல இன்லண்டில் நீல மை, சரியாகப் பிரியாது. ஜெராக்ஸ் கடையில் கலரில், 600 டிபிஐ என்று சொல்லி ஸ்கேன் எடுத்து அனுப்பு. மடிப்பு எழுத்தின் மேல் விழுந்திருந்தால் இஸ்திரி கிஸ்திரி போட்டுவிடாதே, கண்ணாடிக்குக் கீழே ஒரு ராத்திரி வைத்தால் போதும். எழுத்தை டைப் பண்ணாமல் படமாகவே கொடுத்தால் கொம்பு எங்கேயும் ஓடாதாம். ‘கயல்’ என்பதில் கொம்பே இல்லை, இருந்தாலும் எனக்கு இப்போது யாரையும் நம்பிக்கை இல்லை.

இன்னொன்று. அவர் புள்ளி வைக்க மாட்டார், குட்டி வட்டம்தான் போடுவார். ‘ல்’ மேல் அது முழுசாகத் தெரிகிறதா என்று முதலில் பார்த்து உடனே ஒரு ஃபோன் போடு. லேசர் கடைக்காரர் அதைத் திருத்திப் புள்ளியாக்கிவிடாமல் நான் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன்.

உன்
கமலா