ஒரே நாவல் எழுதியவர் என்பதற்காக விட்டுவிடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இக்கால அமெரிக்க நாவலாசிரியர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, யார் எத்தனை நாவல்கள் எழுதினார்கள் என்ற கணக்கிலேயே நின்றுவிட்டதால், எட்வர்ட் பி. ஜோன்ஸின் பெயர் அதில் இடம்பெறாமல் போயிற்று. அவர் எழுதிய நாவல் ஒன்றே ஒன்றுதான்.

1950இல் வாஷிங்டன் நகரில் பிறந்த ஜோன்ஸின் தாய் எழுதப் படிக்கத் தெரியாதவர். உணவகத்தில் பாத்திரம் கழுவிப் பிள்ளைகளை வளர்த்தவர். அந்நகரத்துக் கறுப்பின மக்களைப் பற்றிய 14 சிறுகதைகள் அடங்கிய முதல் தொகுப்பு 1992இல் வெளிவந்து பாராட்டுப் பெற்ற பிறகும், வரிச் செய்திகளைத் தொகுக்கும் இதழொன்றில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் பார்த்த வேலையை அவர் விடவில்லை. நாவலுக்காக அடிமைமுறை பற்றிய நூல்களை வாங்கி அடுக்கினாரே தவிரப் படித்து முடிக்கவில்லை. பத்தாண்டுகள் கதையை மனத்துக்குள்ளேயே வளர்த்துவிட்டுச் சில மாதங்களில் எழுதினார். அந்தச் சமயத்தில்தான் வேலையும் பறிபோனது.

2003இல் வெளியான 'த நோன் வேர்ல்ட்', விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் சிலரே அடிமைகளை வைத்திருந்த, அதிகம் பேசப்படாத வரலாற்றைக் கையில் எடுக்கிறது. தச்சரான அகஸ்டஸ், உழைத்துச் சேர்த்த பணத்தில் முதலில் தன்னையும், பிறகு மனைவியையும், கடைசியாக மகன் ஹென்றியையும் விலைகொடுத்து மீட்கிறார். அந்த ஹென்றியோ வளர்ந்ததும் தானே அடிமைகளை வாங்குகிறான். பின்னொரு நாள் அகஸ்டஸை வழிமறிக்கும் ரோந்துக்காரன், அவருடைய விடுதலைப் பத்திரத்தை மென்று விழுங்கிவிட்டு, அவரை மறுபடியும் அடிமையாக விற்றுவிடுகிறான். இந்தக் கொடுமையை ஜோன்ஸ் குரலை உயர்த்தாமலேயே சொல்கிறார். கதை நடக்கும் மான்செஸ்டர் கவுண்டி மட்டுமன்றி, இடையிடையே அவர் தரும் மக்கள்தொகைக் கணக்கும் கற்பனையே. வாங்கிய நூல்களைப் படிக்காதவரின் குறும்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2004இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. 2006இல் இரண்டாவது சிறுகதைத் தொகுப்பு வந்தது. அதன்பின் புதிய புனைவு நூல் வரவில்லை. ஒரு நாவலைப் பத்தாண்டுகள் எழுதாமலே சுமந்தவரின் மௌனத்தை, எழுத்து வற்றிவிட்டதற்கு அடையாளமாகக் கொள்வது சரியன்று. தங்கள் இணைப்பில் அவரைப் பற்றித் தனிக் கட்டுரையும், உரிய அனுமதியுடன் அவருடைய வாஷிங்டன் கதைகளுள் ஒன்றின் தமிழாக்கமும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தஞ்சாவூர்.