ரசீதைத் தொலைக்காதே

பாப்பா,

நம் புளோக்கில் மறுபடியும் சிவப்புப் பதாகை கட்டிவிட்டார்கள். பத்துப் பேருக்கு மேல் டெங்கி. நேற்று அதிகாரி வந்து, துணிக் கழி செருகுகிற குழாய்களைக்கூட டார்ச் அடித்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் மூடி போட்டிருந்தேன். என் மகள் லிவர்பூலில் கொசுவைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறாள் என்றேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். வோல்பாக்கியா பாக்டீரியாவை ஏற்றி வெளியே விடுகிற ஆண் கொசு கடிக்காது, அதோடு சேர்ந்த பெண் கொசுவின் முட்டை பொரிக்காது என்று எதிர்வீட்டு மலாய் அக்காவுக்கு விளக்கியதும் நான்தான்.

உனக்கு ட்ராவல் அவார்டு கிடைத்திருக்கிறதாமே. ஏப்ரலில் ம்யூனிக்கில் மாநாடு. சித்தி சொன்னாள். சித்தியிடமாவது சொன்னாயே, சரி.

ரசீது எதையும் தூக்கிப் போடாதே. போர்டிங் பாஸ், ரயில் டிக்கெட், ரூம் பில் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வை. கைக்காசைப் போட்டுப் போய் வந்தால்தானே பணம் வரும்? அங்கே இன்னும் குளிராக இருக்கும், சாக்ஸ் எடுத்துக்கொள். அப்புறம், ரசீது.

போன வருஷம் இதே மாதிரி அவார்டு கிடைத்து வியன்னா மாநாட்டுக்குப் போக நீ 1,800 வெள்ளி கேட்டாய். ஃபிக்சட் டெபாசிட்டில் கிடக்கிறது, எடுக்க முடியாது என்றேன். பொய். பேங்கில் சும்மாதான் இருந்தது. அவார்டு கொடுக்கிறவன் நம்மிடமே காசு கேட்பானா, இது மோசடி என்று சித்தியிடம் சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. அங்கே பெரிய பெரிய ஆட்களைப் பார்ப்பாய், எவராவது வேலை தருவார், நீ திரும்பி வரவே மாட்டாய். அதுதான் பயம். அப்பா இருந்திருந்தால் நீ கேட்பதற்கு முன்னாலேயே அனுப்பியிருப்பார். 2003இல் டான் டோக் செங் ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து வந்து வாசலிலேயே சட்டையைக் கழற்றுவாரே, உனக்கு மூன்று வயது, ஞாபகம் இருக்காது. சிங்கப்பூரில் சார்ஸ் வந்த 238 பேரில் 33 பேர் போய்விட்டார்கள். அந்தக் கணக்கை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நீ தொற்றுநோய் படிக்கப்போகிறேன் என்றபோது நான்தான் சண்டை போட்டேன். அவர் வாயே திறக்கவில்லை. மறுநாள் காலையில் உன்னைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பெட்டி வாங்கி வந்தார்.

ஜூனில் வந்தபோது அலமாரி மேல் விட்டுப்போனாயே, அந்த நீள உருளை, அதைப் போன வாரம் திறந்தேன். சுருண்டுகொண்டே இருந்தது. நாலு மூலையிலும் மைலோ டின், பருப்பு டப்பா எல்லாம் வைத்து ஹாலில் விரித்தேன். வியன்னாவுக்கென்று அச்சடித்த உன் ஆராய்ச்சி போஸ்டர். படம் ஒன்றும் புரியவில்லை. மேலே ஏழு பேர். முதல் பெயர் உன்னுடையது, அப்பா பெயரோடு சேர்த்து.

இன்னும் மடிக்கவில்லை. சுற்றித்தான் நடக்கிறேன்.

2,000 வெள்ளி அனுப்பியிருக்கிறேன். அவார்டு பணம் வந்ததும் திருப்பி அனுப்பிவிடாதே. வந்து சேர்ந்ததா என்று எனக்கே சொல், சித்தியிடம் வேண்டாம்.

அம்மா